ஜி. டி. நாயுடுவும் மின்சார மோட்டாரும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்துத் தேர் வீதிகளிலும் புகையும் ஓசையும் இல்லாத வண்டிகள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. எண்ணெய்க்குப் பதிலாக மின்சாரம் அவற்றை ஓட்டுகிறது. நம் ஜில்லாவிலேயே, நெய்வேலியில், பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்குகிறார்கள். ஆனால் அம்மின்சாரத்தைச் சுழற்சியாக மாற்றும் மோட்டாரும், அம்மோட்டாரை ஆளும் கண்ட்ரோலர் என்னும் சிறு பெட்டியும் யாருடைய அறிவில் உருவாயின என்று நம்மவர் கேட்பதில்லை. வண்டி ஓடினால் போதும் என்றிருக்கிறோம். இந்த அசிரத்தை நல்லதன்று. மோட்டார் என்பது ஐரோப்பியர் செய்து அனுப்ப நாம் விலை கொடுத்து வாங்குவது என்றிருந்த காலத்தில், அதை நம் மண்ணிலேயே செய்து காட்டிய தமிழ்நாட்டார் ஒருவர் இருந்தார். அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவர் பெயரை நாம் மறக்கவில்லை. அவர் வழியை மறந்துவிட்டோம். ஆதலின் அப்பெரியாருடைய வாழ்க்கையை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு, சுருக்கமாக ஜி. டி. நாயுடு, 1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ந் தேதி கோயமுத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். குடும்பம் உழவுக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஏட்டுப் படிப்பு வெகு சீக்கிரத்தில் நின்றுவிட்டது. பிற்காலத்தில் பொறியியல் கல்லூரி ஒன்று எழுவதற்குக் காரணமாயிருந்தவர் பட்டம் ஒன்றும் பெறாதவர் என்பதை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும். படிப்பு வேண்டுவதில்லை என்று நாம் சொல்லவரவில்லை. கண்ணும் கையும் சேராத படிப்பினால் பயன் சிறிது என்பதே நம் கருத்து.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது ஒரு மோட்டார் சைக்கிள். வருவாய்த்துறை அதிகாரியாயிருந்த ஆங்கிலேயர் ஒருவர் ரட்ஜ் என்னும் வகையைச் சேர்ந்த வண்டியொன்றில் கிராமத்துப் பக்கம் வந்தார். மாடின்றிக் குதிரையின்றி ஓடும் அந்த வண்டியைக் கண்டவர் பலர். வியந்து வீடு திரும்பியவர் பலர். துரைசாமிக்கோ அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியாமல் உறக்கம் கொள்ளவில்லை. கோயமுத்தூருக்குச் சென்றார். ஓட்டலொன்றில் பரிமாறும் வேலை பார்த்தார். கூலியில் மிச்சம் பிடித்துப் பணம் சேர்த்தார். போதிய தொகை சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வரவில்லை. அதைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பும் எதற்கென்று கண்டார். மீண்டும் பூட்டி ஓட்டினார். அன்று முதல் அவர் யந்திரத் தொழிலாளி ஆனார்.

ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கியவன் அதற்குச் சட்டப்படி உடைமையாளன். ஆனால் அது நின்றுவிட்டால் மறுபடி ஓடச் செய்யும் வித்தை அறியாதவன், செய்தவனுக்கு என்றும் கடனாளியாகவே இருக்கிறான். துரைசாமி அந்த வண்டியை இரண்டு வகையிலும் உடைமையாக்கிக்கொண்டார். பின்னர் அவர் செய்ததெல்லாம் இந்த ஒரு செயலின் விரிவே என்று நாம் கருதுகிறோம்.

1920-இல் அவர் ஒரு மோட்டார் பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு வண்டியிலிருந்து வளர்ந்ததுதான் யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், மக்கள் நாவில் யூ. எம். எஸ். என்று வழங்கிய ஸ்தாபனம். கொங்கு நாட்டில் பஸ் என்றாலே யூ. எம். எஸ். என்னும்படி அது பெருகியது. பஸ் நடத்துகிறவர்க்கு வண்டி பழுதாவது வருமான இழப்பு. ஆகவே பழுது பார்க்கும் பட்டறை வேண்டும். பட்டறைக்குக் கடைசல் யந்திரம் வேண்டும். அந்த யந்திரத்தை அறிந்த ஆட்கள் வேண்டும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகத் தேவை எழ, பிறரிடம் கையேந்தாமல் தம் பட்டறையிலேயே அவற்றை நிறைவு செய்யும் பழக்கம் அவரிடம் வேரூன்றியது.

இதற்கிடையில் கோயமுத்தூரின் முகம் மாறிற்று. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. வானம் பார்த்த மேட்டு நிலத்தில், ஆழ்ந்த கிணறுகளிலிருந்து நீர் இறைப்பதற்கு மாட்டுக் கவலையே கதியென்றிருந்த உழவர்களுக்கும் மின்சார மோட்டாரின் நினைவு வந்தது. ஆனால் மோட்டாரோ கப்பலில் வர வேண்டும். விலையை அயலான் வைப்பான். உதிரி உறுப்பு உடைந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மின்சாரம் நம்முடையது, நீரும் நிலமும் நம்முடையன, நடுவிலிருக்கும் மோட்டார் மட்டும் பிறருடையது என்னும் நிலை.

அந்நிலையை மாற்றும் வேலை கோயமுத்தூர் பீளமேட்டில் தொடங்கிற்று. நாயுடு அவர்களின் நேஷனல் எலெக்டிரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1937-இல் மின்சார மோட்டார் ஒன்று வெளிவந்தது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அது பெயர் பெற்றது. இதில் டி. பாலசுந்தரம் நாயுடு என்னும் அறிஞரின் பங்கு மிகப் பெரிது. ஒருவருடைய புகழைப் பேசும்பொழுது உடனுழைத்தவரை மறைத்துவிடுவது நம்மிடையே உள்ள தீய வழக்கம். பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் யந்திரத் தொழிற்சாலையை நிறுவிப் புகழ் பெற்றார். கோயமுத்தூர் இன்று மோட்டாருக்கும் பம்புக்கும் தேசமெங்கும் பெயர் பெற்ற நகரமாயிருப்பதற்கு இந்த இருவரும் இட்ட அஸ்திவாரம் ஒரு முக்கிய காரணம்.

மோட்டார் என்பதில் என்ன மாயம் இருக்கிறது? இரும்புத் தகடுகள், செப்புக் கம்பிச் சுருள், ஓர் அச்சு, இரண்டு பேரிங்குகள், பார்வைக்கு இவ்வளவே. 1821-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்பவர், மின்சாரம் பாயும் கம்பியொன்று காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்து காட்டினார். அவரும் கல்லூரி கண்டவரல்லர். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். 1831-இல் அவரே இதன் மறுபுறத்தையும் கண்டார். கம்பிச் சுருளின் அருகே காந்தம் அசைந்தால் அச்சுருளில் மின்சாரம் தோன்றும் என்பதே அது. மின்சாரம் சுழற்சியைத் தரும். சுழற்சி மின்சாரத்தைத் தரும். 1888-இல் நிகோலா டெஸ்லா மாறுமின்சாரத்தில் இயங்கும் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்வளவும் அச்சிட்ட நூல்களில் எவரும் படிக்கக் கிடந்தவையே. தகட்டை எவ்வளவு மெல்லியதாக வெட்டுவது, சுருளை எப்படிச் சுற்றுவது, சூட்டை எப்படித் தணிப்பது என்னும் கைப்பக்குவம் மட்டும் நூலில் இல்லை. பீளமேட்டார் 1937-இல் பெற்றது அந்தக் கைப்பக்குவமே.

நாயுடு அவர்களின் மனம் ஒன்றில் நிற்கும் மனமன்று. ஐரோப்பாவுக்குச் சென்றார், ஜெர்மனியின் தொழிற்சாலைகளைக் கண்டார். ராசண்ட் என்னும் பெயரில் அவர் ஒரு க்ஷவரக் கருவி செய்தார். உலர்ந்த பாட்டரியில் ஓடும் சின்னஞ்சிறு மோட்டார் ஒன்று அதன் உள்ளே இருந்தது. பாட்டரி, மோட்டார், அதைக் கைக்குள் அடக்கிய வடிவம் என்னும் மூன்றும் அன்றே அதில் ஒன்று சேர்ந்துவிட்டன. இன்றைய மின்வண்டியிலும் இம்மூன்றின் சேர்க்கையே பெரிய அளவில் நிற்கிறது. மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய முடியாத வாக்குப் பதிவு யந்திரம் என்று அவர் செய்தவை பல. ஐந்து வால்வு ரேடியோப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தம்மால் செய்துதர முடியும் என்று 1941-இல் அறிவித்தார். அரசியலில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். அத்தோல்வியினால் தேசத்துக்கு நஷ்டமில்லை என்றே சொல்வோம்.

தேசத்துக்கு நஷ்டம் வந்தது வேறிடத்தில். 1952-இல் இருவர் அமர்ந்து செல்லத்தக்க பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்தாரும் கார் வைத்துக்கொள்ளலாம் என்னும் நம்பிக்கையை அது எழுப்பிற்று. ஆனால் அதைத் தொழிலாக நடத்த அரசாங்கம் அனுமதி தரவில்லை. முயற்சி அத்துடன் நின்றது. வெள்ளைக்காரன் ஆட்சியில் இது நடந்திருந்தால் நாம் எவ்வளவு சீறியிருப்போம்! நடந்தது சுயராஜ்யம் வந்து ஐந்தாவது ஆண்டில். பெருந்தொழில்களை அனுமதிச் சீட்டினால் கட்டும் சட்டம் 1951-இல் இயற்றப்பட்டது. கட்டு பெரும்பாலும் தளர்ந்தது 1991-இல். இடையிலிருந்த நாற்பது ஆண்டுகளில் எத்தனை பட்டறைக் கனவுகள் கோப்புகளுக்குள் உறங்கிப் போயின என்பதற்குக் கணக்கில்லை. சட்டம் பயின்றவர் என்ற முறையில் ஒன்று சொல்வோம். தொழிலை ஒழுங்கு செய்யும் அதிகாரம் அரசாங்கத்துக்கு வேண்டும். ஆனால் செய்து காட்டியவனைச் செய்யாதே என்று தடுக்கும் அதிகாரத்தை மிக்க தயக்கத்தோடு கையாள வேண்டும். ஏனெனில் அப்படி இழந்ததை எந்த மேல் முறையீட்டினாலும் மீட்க முடியாது.

கல்வித் துறையிலும் அவர் அரசாங்கத்தோடு முட்டிக்கொண்டார். 1945-இல் அவருடைய முயற்சியால் கோயமுத்தூரில் அக்காலச் சென்னைக் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்வி நிலையம் தோன்றியது. இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் மூலம் அதுவே. நாலாண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவது, இரண்டாண்டு போதும் என்பது நாயுடுவின் கொள்கை. அரசாங்கம் இணங்கவில்லை; அவர் தம் பதவியை விட்டு விலகினார். அதே 1945-இல் நம் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், பொறியியல் கல்வி தொடங்கியது. ஓரிடத்தில் பட்டமில்லாத வித்தகர், படிப்பைக் குறைத்துக் கைவேலையைக் கூட்டு என்கிறார். மற்றோரிடத்தில் பல்கலைக்கழகம், சாஸ்திரத்தை முறையாகப் பயிற்று என்று கட்டடம் எழுப்புகிறது. எது சரி என்று அன்று வாதித்தார்கள். இரண்டும் சேர்ந்தாலன்றிக் காரியம் ஆகாது என்பதை இன்றைய மின்வண்டி நமக்குக் காட்டுகிறது. எப்படியென்று சற்று விளக்குவோம்.

இப்பொழுது ஓடும் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றின் மோட்டாரில் சுழலும் பாகம் காந்தம். நிற்கும் பாகத்தில் மூன்று தொகுதிச் செப்புச் சுருள்கள். காந்தம் எத்திசை நோக்கி இருக்கிறதோ அதற்கேற்ப எந்தச் சுருளுக்கு மின்சாரம் அனுப்புவது என்பதைக் கண்ட்ரோலர் கணந்தோறும் தீர்மானிக்க வேண்டும். சற்றுப் பிசகினால் மோட்டார் உதறும், சூடேறும், நின்றுவிடும். காந்தத்தின் இருக்கையை அறிவதற்காக மோட்டாருக்குள் மூன்று சிறு சென்சார்களை வைக்கிறார்கள். 1879-இல் எட்வின் ஹால் என்னும் அமெரிக்கர் கண்ட தத்துவத்தில் அவை இயங்குவதால் ஹால் சென்சார் என்று பெயர்.

இந்தச் சென்சார்கள் நல்ல சாட்சிகள். ஆனால் மெலிந்த சாட்சிகள். சக்கரத்துக்குள் சூடு, அதிர்ச்சி, மழைநீர் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். நம் கடலூர்ப் பக்கத்தில் உப்புக் காற்று வேறு. வட கிழக்குப் பருவத்தில் சாலையே ஏரியாகும். சென்சாரின் மெல்லிய கம்பியொன்று அரிக்கப்பட்டால், செம்பும் இரும்பும் காந்தமும் பழுதின்றி இருந்தும் வண்டி நடுவழியில் நிற்கும். ஆகவே சென்சாரே இல்லாமல் மோட்டாரை ஆள முடியுமா என்று உலகெங்கும் ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளாக முயன்று வழி கண்டிருக்கிறார்கள்.

அந்த வழியின் வித்து ஃபாரடே 1831-இல் கண்ட உண்மையே. சுழலும் காந்தம் தன் பக்கத்துச் சுருளில் மின்னழுத்தம் உண்டாக்கும். வேகம் இரட்டித்தால் அந்த அழுத்தமும் இரட்டிக்கும். ஓடும் மோட்டார் ஒவ்வொன்றும், தான் உண்ணும் மின்சாரத்தை எதிர்த்துத் தானும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டே ஓடுகிறது. எளிய முறையொன்றில், மூன்று சுருள்களில் இரண்டு வேலை செய்யும் கணத்தில் மூன்றாவது ஓய்ந்திருக்கும். அந்த ஓய்ந்த சுருளின் அழுத்தத்தைக் கண்ட்ரோலர் அளக்கிறது. அது ஏறி இறங்கி நடுநிலையைக் கடக்கும் கணம் எதுவோ அதைக் கொண்டு காந்தத்தின் இருக்கை தெரிந்துவிடும். அப்படிக் கடக்கும் இரண்டு கணங்களின் இடைவெளியைக் கொண்டு வேகம் தெரிந்துவிடும். இன்னும் நுட்பமான முறையில், மோட்டாரின் கணித வடிவம் ஒன்றைக் கண்ட்ரோலர் தன்னுள் வைத்திருக்கும். உண்மை மோட்டாருக்குக் கொடுக்கும் அழுத்தத்தையே அதற்கும் கொடுத்து, கணக்கில் வரும் மின்னோட்டத்தை அளந்து கண்ட மின்னோட்டத்தோடு ஒப்பிடும். வேற்றுமை மறையுமட்டும் தன் ஊகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். நேரில் கண்ட சாட்சி இல்லாத வழக்கில் சந்தர்ப்ப சாட்சியங்களைக் கோத்து உண்மை காண்பது போன்றது இது.

சிதம்பரத்துத் தேரோட்டம் கண்ட நம் நேயர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனியிலும் மார்கழியிலும் நடராஜப் பெருமானின் தேர் நகரும்பொழுது சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நடப்பவரிடம் வேகம் அளக்கும் கருவி உண்டா? அச்சின் முனகலும் மரத்தின் அதிர்வும் அவருக்கு வேகத்தைச் சொல்லும். கட்டையைச் சரியான கணத்தில் இடுகிறார், தேர் திரும்புகிறது. கவலை இறைத்த உழவனும் வடத்தின் விறைப்பிலிருந்தே சால் நிறைந்ததை அறிந்தான். யந்திரம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்கத் தெரிந்தவன் வேண்டும்.

இம்முறைக்குக் குறை இல்லாமல் இல்லை. மோட்டார் நிற்கும்பொழுது காந்தம் அசைவதில்லை; அசையாதபொழுது எதிர் மின்னழுத்தம் இல்லை; ஆகவே கேட்பதற்கு ஒன்றுமில்லை. புறப்படும் கணத்தில் கண்ட்ரோலர் குருடு. சுமையேற்றிய வண்டி மேட்டில் நின்று புறப்படும்பொழுது இது பெரிய சங்கடம். இதற்காகச் சிலர் முதற் சில சுற்றுகளைக் கண்மூடித்தனமாகவே சுழற்றி வேகம் பிடித்தபின் கேட்கத் தொடங்குகிறார்கள். சிலர் மிக வேகமாகத் துடிக்கும் மெல்லிய மின்னலையொன்றைச் செலுத்தி, காந்தத்தின் திசைக்கேற்ப அது மாறித் திரும்புவதைக் கொண்டு இருக்கை காண்கிறார்கள். முழுமையான தீர்வு எல்லா வண்டிக்கும் இன்னும் அமையவில்லை. பல வண்டிகளில் சென்சாரை நீக்காமலே, அது கெட்டால் கைகொடுக்கும் துணையாக இம்முறையைச் சேர்ப்பதும் உண்டு.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1937-இல் மோட்டாரின் சூக்ஷுமம் செம்பிலும் இரும்பிலும் இருந்தது. கழற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று சூக்ஷுமத்தின் பெரும்பகுதி கண்ட்ரோலருக்குள் எழுதி வைத்த கணக்கில் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் கறுப்புச் சில்லுகள்தாம் தெரியும், கணக்கு தெரியாது. பல பெட்டிகள் திறக்கவொட்டாதபடி பிசினால் அடைக்கப்பட்டே வருகின்றன. கண்ட்ரோலர் கெட்டால் நம் ஊர் மெக்கானிக்கினால் ஆவது, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது ஒன்றே. ஒசூரிலும் கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் மின்வண்டித் தொழிற்சாலைகள் எழுந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் சில்லுகளுக்கும் காந்தத்துக்கும் நாம் இன்னும் வெளிநாட்டை நம்பியிருக்கிறோம். 2025 ஏப்ரலில் சீன அரசாங்கம் அருமண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் நம் வண்டித் தொழில் தடுமாறியதை யாவரும் அறிவர். அயலான் ஒரு கையெழுத்தினால் நம் சக்கரத்தை நிறுத்த முடியுமானால், அந்த வண்டி நம்முடையது என்று எப்படிச் சொல்வது?

காந்தத்துக்குச் சுரங்கம் வேண்டும். சில்லுக்குப் பெருமுதல் வேண்டும். அவை ஒரு நாளில் வருவன அல்ல. ஆனால் சென்சாரின்றி மோட்டாரை ஆளும் கணக்குக்கு வேண்டியது மேசையும் மூளையும் ஒரு பழைய மோட்டாருமே. இதில் நம் சிதம்பரம் மாணவன் ஜெர்மனி மாணவனுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவனல்லன். வேண்டும் கணிதத்தை அவன் வகுப்பில் படிக்கிறான். பரீக்ஷை எழுதியதும் அதை மறக்கிறான். ஏனென்றால் ஓடும் மோட்டாரில் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. மறுபுறம் கடலூரின் வண்டிப் பட்டறைகளில் உழைக்கும் இளைஞன் ஓசையைக் கேட்டே மோட்டாரின் நோயைச் சொல்கிறான். அவனுக்குக் கணக்குச் சொல்லித்தர எவருமில்லை. இவ்விருவரும் ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்கிறார்கள். 1945-இல் கோயமுத்தூரில் தீராத வழக்கு இன்னும் நம் ஜில்லாவில் தீரவில்லை.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. ஒவ்வொரு பாலிடெக்னிக்கிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் சென்சார் கழற்றிய மோட்டார் ஒன்று மேசைமேல் இருக்கட்டும். அதை ஓட்டிக் காட்டாத மாணவனுக்குத் தேர்ச்சி இல்லை என்று விதி செய்யட்டும். பட்டறைத் தொழிலாளருக்கு மாலை வகுப்பு வைக்கட்டும். பாடம் தமிழில் இருக்கட்டும். மக்கள் பணத்தில் மானியம் பெறும் வண்டிக் கம்பெனிகள், பழுது பார்ப்பதற்கு வேண்டிய விவரங்களையாவது வெளியிட வேண்டுமென்று அரசாங்கம் நிபந்தனை விதிக்கட்டும். 1952-இல் அனுமதி மறுத்த அரசாங்கம் செய்த பிழைக்கு இன்றைய அரசாங்கம் செய்யத்தக்க பிராயச்சித்தம் இதுவே. அயலார் அறிவை வெறுக்க வேண்டுவதில்லை. நாயுடுவே ஜெர்மனிக்குப் போய்க் கற்றவர். கற்று வருவது வேறு. வாங்கி வருவது வேறு.

நாயுடு அவர்களிடம் குறையும் இருந்தது. அவர் தனி மனிதர். தம் மனம் போன வழியில் சென்றவர். ஒன்றைச் செய்து வெற்றி கண்டதும் வேறொன்றில் நாட்டம் செல்லும். கல்லூரியோடு பிணங்கி வெளியேறியதால் அவர் கைப்பக்குவம் முழுவதும் ஒரு மாணவர் பரம்பரைக்குச் சேரவில்லை. பாலசுந்தரம் போன்றவர் அவர் பக்கத்தில் இருந்த இடத்தில் தொழில் வேர்விட்டுப் பரவிற்று. அவர் தனித்து நின்ற இடத்தில் அவரோடு பல நின்றுபோயின. தனியொருவருடைய மேதையை ஊர் முழுவதன் பழக்கமாக்குவதற்கே கல்வி நிலையங்கள் இருக்கின்றன. அந்தப் பொறுப்பை அவை உணர வேண்டும்.

1967-இல் அவருடைய நிரந்தரத் தொழிற் பொருட்காட்சி கோயமுத்தூரில் தோன்றியது. 1974 ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார். 2025 அக்டோபரில் அந்நகரின் அவிநாசி சாலையில் சுமார் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டித் திறந்தார்கள். பொருத்தமான மரியாதையே. ஆனால் அப்பாலத்தின்மேல் விரையும் மின்வண்டிகளின் கண்ட்ரோலர்களுள் நம் பிள்ளைகள் எழுதிய கணக்கில் ஓடுவன எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் நாளே அவருக்கு உண்மையான நினைவு நாளாகும். அந்த எண்ணிக்கையில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். நம் கல்லூரியும் நம் பட்டறையும் இவ்வாண்டே ஒரு மேசையில் கூடட்டும். முதல் மோட்டாரைத் திறக்கட்டும்.